ஈர மூட்டை சுமந்த சைக்கிள்

வேன்காரருக்கு மச்சினன் மேல் வயிற்றெரிச்சல். சுற்றி வளைத்துச் சொல்வானேன், அதுதான் விஷயம். அந்தச் சலவைக் கம்பெனியில் அவர் வேன் ஓட்ட வந்தபோது மச்சினன் அரைக்கால் சட்டை போட்டுத் திரிந்தவன். பிற்பாடு இவரே கெஞ்சிக் கூத்தாடி அவனுக்கு அங்கே வேலை வாங்கிக் கொடுத்தார். இப்போது அவனுக்குப் புத்தம்புது சைக்கிள். முன்னால் பெரிய சரக்குப் பெட்டி, மிதிக்கிற காலுக்குத் துணையாகப் பேட்டரி. இவருக்கோ அதே ஓட்டை வேன், கதவைச் சாத்த இடுப்பால் இடிக்க வேண்டும்.

முதலாளியம்மா வாயைத் திறந்தால் சைக்கிள் புராணம்தான். டீசல் வேண்டாம், வண்டி நிறுத்தக் காசு அழ வேண்டாம், காப்பீடும் சொற்பம். பிரேக் கட்டை, டயர் செலவை மட்டும் கொஞ்ச நாள் பார்த்துவிட்டு, கட்டுப்படியானால் வேனை விற்றுவிடப் போவதாகச் சொல்லிவிட்டார். வீட்டிலும் நிம்மதி இல்லை. கம்பெனி விளம்பரத்தில் தம்பியின் படம் வந்திருப்பதை மனைவி சாப்பாட்டு வேளையிலெல்லாம் எடுத்துக் காட்டினாள். இருபது வருஷம் வேன் ஓட்டியவரின் மூஞ்சியை எவன் போட்டான்? சோறு இறங்குமா மனுஷனுக்கு?

காலையில் இரண்டு வண்டிக்கும் மூட்டை பிரித்து ஏற்றுவது அவர் பொறுப்பு. துவைத்துப் பிழிந்த ஈரத்துணி வேனில் உலர்த்தும் கூடத்துக்குப் போகும். இஸ்திரி போட்டது சைக்கிளில் வாடிக்கையாளர்களுக்குப் போகும். அவர் அதைத் தலைகீழாக்கினார். தினம் ஒரு சாக்குச் சொல்லி ஈரப் போர்வை மூட்டைகளைச் சைக்கிள் பெட்டியில் திணித்தார். மச்சினன் அவர் முகத்தை ஒரு தடவை பார்ப்பான், "சரி மாமா" என்பான், முக்கி முனகி இரண்டு நடையாக அடித்துவிட்டு வருவான்.

பிரேக் கட்டை தேய்ந்தது. டயர் கிழிந்தது. சக்கரத்தில் கம்பிகள் உடைந்தன. மெக்கானிக் தலையைக் கண்டாலே வேன்காரருக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்றிருந்தது.

ஒருநாள் முதலாளியம்மா இருவரையும் கூப்பிட்டார். வேன்காரர் தலையை வாரிக்கொண்டு போனார்.

"சைக்கிளுக்கு இவ்வளவு ரிப்பேர் பார்த்தும் வேன் செலவுல பாதிகூட ஆகல. ஈரத்தை இது தாங்காதுன்னுதான் யோசிச்சுக்கிட்டிருந்தேன். நீங்களே ஏத்தி அனுப்பி, தாங்கும்னு காட்டிட்டீங்க. இனி வேன் எதுக்கு?" என்றார்.

தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டு வேன்காரர் வாசலுக்கு வந்தார். மச்சினன் பின்னாலேயே வந்தான். இன்னொரு சைக்கிள் வாங்குகிறார்கள் என்றும், அதை மாமாவுக்குத்தான் தர வேண்டும் என்று முன்பே கேட்டு வைத்துவிட்டதாகவும் சொன்னான். பிறகு குரலைத் தாழ்த்தினான்.

"நீங்க ஏன் ஈரத்தை எனக்கு ஏத்தினீங்கன்னு தெரியும் மாமா. அக்காகிட்ட சொல்லல."

புதுச் சைக்கிள் வந்த அன்று மூட்டைகளை மச்சினன் ஏற்றினான். வேன்காரர் தன் பெட்டியை எட்டிப் பார்த்தார். இஸ்திரி போட்ட சட்டைகள் மட்டும் இருந்தன. ஈர மூட்டை முழுக்க அவன் வண்டியில் இருந்தது.