மச்சான் ஒட்டிய பெட்டி

குடும்பத்துக்குள் ஒரு வெல்டிங் கடைக்காரன் இருப்பதைப்போல் கேடு வேறில்லை. இன்றைக்கும் இதைக் கோபத்தோடுதான் சொல்கிறேன்.

எங்கள் உழவு மெசினுக்குப் பின்னால் இழுக்கும் பெட்டி பழசு. நெல் மூட்டையும் ஏற்றுவோம், வயலுக்கு ஆட்களும் அதில்தான் போவார்கள். மெசினோடு கொழுவும் முன்தண்டை உப்புக்காற்றுத் தின்று, ஒருநாள் அது வெடித்து விரிசல் விட்டது. வெல்லாவெளியில் ஒருவர் இருக்கிறார், துருப்பிடித்த தண்டை வெட்டி எறிந்துவிட்டுப் புதுசு போடுபவர். அவரிடம் கொண்டுபோகிறேன் என்றேன். அவ்வளவுதான், வீடு இரண்டுபட்டது. நான் கலியாணம் முடித்து வந்திருப்பது மனைவியின் ஊரான தேற்றாத்தீவுக்கு. சுற்றுவளவெல்லாம் அவளுடைய ஆட்கள். றோட்டோரத்தில் ஒட்டுவேலை செய்கிறவன் அவளுடைய அண்ணன். அவன் கடையைத் தாண்டிப் பெட்டி இன்னொருவனிடம் போனால் மானம் கப்பலேறிவிடுமாம். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்று சொல்லிப் பார்த்தேன். யார் கேட்டார்கள்? பெட்டி அவன் கடைக்கே போனது.

நான் கடைக்குப் போகுமுன்பே மச்சான் ஒட்டி முடித்து, அதன்மேல் பச்சைப் பெயின்றும் அடித்துவிட்டான். பெட்டிக்காரன் வந்து தட்டிப் பார்க்குமுன் நல்ல ஒட்டுக்காரன் பெயின்ற் வாளியைத் தொடமாட்டான். சுத்தியலை எடுத்து இரண்டு அடி போட்டேன். ஒட்டு வாய் பிளந்தது. கடையில் நின்ற சனமெல்லாம் பார்த்தது.

"சுத்தியலால அடிச்சா எதுதான் நிக்கும் மச்சான்?" என்றான், வெட்கமில்லாமல்.

"துருவுக்கு மேல ஒட்டியிருக்காய். இரும்பில பிடிக்கவே இல்ல!" என்று கத்தினேன். அவன் அதே துருவின்மேல் திரும்பவும் ஒட்டி, திரும்பவும் பெயின்ற் அடித்து, எங்கள் வாசலில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனான்.

அடுத்த நாள் படுவான்கரையில் எங்கள் வட்டை வயலில் களை பிடுங்க வேண்டும். பாலத்தால் போகவேண்டும், இரண்டு பக்கமும் ஆறு. மெசினில் பெட்டியைக் கொழுவவே எனக்குக் கை வரவில்லை. மனமில்லாமலே கொழுவி, மெசினை இயக்கினேன். மனைவி முதல் ஆளாக ஏறி, முன்னுக்குப் போய் அந்தத் தண்டுக்கு நேரே குந்தினாள்.

"ஏறுங்க கா. எங்கட அண்ணன்ட ஒட்டு, விடாது" என்று களைக்கு வந்த பெண்களைக் கூப்பிட்டாள்.

ஒருத்தியும் ஏறவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் மெசினை அணைத்தேன்.

"இறங்கு."

"மாட்டன். அண்ணன அவமானப்படுத்தினது காணாதா?"

"உன்ர அண்ணன்ட மானம் போனா நாளைக்குத் திரும்பி வரும். நீ ஆத்துக்குள்ள போனா எனக்கு ஆரு வருவா?"

தெருவே கேட்கக் கத்தினேன். பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவள் மெல்ல இறங்கி வந்தாள்.

"இவ்வளவு நாளும் துரு, இரும்பு எண்டுதானே கத்தினீங்க. இத முதலே சொல்லியிருக்கலாமே" என்றாள்.

எனக்கு அதற்கும் கோபம்தான் வந்தது.

"அதையும் சொல்லித்தான் உனக்குத் தெரியணுமோ?" என்றேன்.