இஞ்சின் விளக்கும் பாச்சாங் பயணமும்

பிள்ளைகளா, சின்னவளைப் பாச்சாங்கில் சித்தி வீட்டில் கொண்டுபோய் விட்ட அன்று, காலையிலிருந்து மத்தியானம் வரை நான் ஏன் காரின் முன்னாலேயே நின்றேன் என்று நீங்கள் யாரும் கேட்டதில்லை. கேட்காவிட்டாலும் எழுதி வைக்கிறேன்.

உங்கள் அம்மா தவறிப் பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் வீட்டைக் கழுவினோம். உறவுக்கார அம்மா ஒருவர், "காரையும் கழுவுப்பா, அவள ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது அதுதானே" என்றார். கார் முழுவதும் மஞ்சள் தண்ணீர் ஊற்றினேன். முன்மூடியைத் திறந்து இஞ்சின் மேலும் ஊற்றினேன். யார் எதைச் சொன்னாலும் செய்துகொண்டிருந்த நாட்கள் அவை.

எனக்குச் செம்பனை எண்ணெய் ஆலையில் இரவு ஷிஃப்ட். அண்ணன்கள் நீங்கள் இரண்டு பேரும் சமாளித்துக்கொள்வீர்கள். ஆறு வயதுப் பெண்ணை யார் பார்ப்பது? தன்னிடம் விடச் சொல்லிச் சித்தி கேட்டாள், சரி என்றேன். ஜனவரியில் அங்கேயே முதலாம் வகுப்பு.

புறப்படுகிற காலையில் சாவியைத் திருப்பினேன். டேஷ்போர்டில் இஞ்சின் படம் போட்ட விளக்கு எரிந்தது, ஸ்டார்ட் ஆன பிறகும் அணையவில்லை. பின்னால் கறுப்புப் புகை வந்தது. பெரிய கோளாறாக இருந்தால் இன்றைக்குப் போகவேண்டாம் என்று நினைத்தேன். வேறு எதுவும் தோன்றவில்லை.

பஸ் பட்டறையில் வேலை செய்த எதிர்வீட்டு அண்ணன் வந்தார்.

"ரிப்பேர் கடைக்கெல்லாம் கொண்டுபோவாதலா தம்பி. என்ன நோவுன்னு இந்த வண்டியே சொல்லும்."

பேட்டரி பக்கத்தில் இருந்த சின்னக் கறுப்புப் பெட்டியின் மூடியைத் திறந்தார். உள்ளே இரண்டு ஓட்டைகளை ஒரு துண்டு வயரால் இணைத்தார். ஸ்டார்ட் பண்ணாமல் சாவியை மட்டும் திருப்பச் சொன்னார். விளக்கு இரண்டு தடவை மின்னியது, நின்றது, மறுபடி இரண்டு தடவை மின்னியது. காலண்டர் தாளின் பின்பக்கம் அவர் எழுதி வைத்திருந்த பட்டியலில் விரலை ஓட்டினார்.

"இருபத்திரெண்டு. தண்ணி சூடு பாக்குற சென்சார். சின்ன வேலதான்."

"இன்னொரு தரம் எண்ணுவோம்ணே."

மூன்று தரம் எண்ணினோம். நான்காம் தரமும் கேட்டேன்.

"ஏன்டா, இதென்ன கல்யாண வீட்டு சீரியல் லைட்டா, உக்காந்து பாக்க? எத்தன தரம் எண்ணினாலும் ரெண்டு ரெண்டுதான்."

சென்சாரில் மாட்டியிருந்த வயர் முனையைப் பிடுங்கிக் கவிழ்த்தார். மஞ்சளாக நாலு சொட்டு விழுந்தது.

"அட, என்னடா இது! இஞ்சினு வயசுக்கு வந்துருச்சா, மஞ்சத்தண்ணி ஊத்தியிருக்க?" என்று சிரித்தவர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். முனையைத் துணியால் துடைத்து வெயிலில் காட்டினார். துண்டு வயரை எடுத்துவிட்டு, வண்டி பழைய கோளாறை மறக்கட்டும் என்று ஒரு ஃபியூஸைக் கழற்றிக் கொஞ்ச நேரம் கழித்து மாட்டினார். ஸ்டார்ட் பண்ணினேன். விளக்கு எரிந்து அணைந்துவிட்டது. புகையும் இல்லை.

"போய்ட்டு வா தம்பி" என்றார்.

சின்னவளே, துணிப் பையை மடியில் வைத்துக்கொண்டு நீ பின் சீட்டில்தான் உட்கார்ந்திருந்தாய். வழியில் நான் உன்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. கோபம் என்று நினைத்திருப்பாய். கோபமும் இல்லை, அழுகையும் இல்லை. மெர்லிமாவ் தாண்டினேன், சிவப்பு விளக்கில் நின்றேன், பச்சை வந்ததும் எடுத்தேன், அவ்வளவுதான். சித்தி வாசலில் நின்றாள். "மாமா, சாப்ட்டுப் போங்க" என்றாள். ஷிஃப்ட் இருக்கிறது என்றேன். அன்றைக்கு எனக்கு லீவு.

திரும்பும்போது பாதி வழியில் மழை பிடித்தது. சுங்கை ரம்பாயில் நம் வீட்டு முன்னால் நிறுத்திய பிறகுதான் பார்த்தேன், நீ உட்கார்ந்திருந்த பக்கத்துக் கண்ணாடி பாதி இறங்கிக் கிடந்தது. சீட்டு நனைந்திருந்தது. பின் கதவைத் திறந்து, நீ இருந்த இடத்தில் உட்கார்ந்து, கைப்பிடியைச் சுற்றிக் கண்ணாடியை மேலே ஏற்றினேன்.