மாமியாரைக் கீழே இறக்கிய கதை

நான் ஒரு முட்டாள். இதை நானே முதலில் சொல்லிவிட்டால், படித்துக்கொண்டு வரும்போது நீங்கள் சொல்ல வேண்டிய சிரமம் மிச்சம்.

பெங்களூரில் ஓர் அலுவலகத்தில் எனக்கு வேலை. யாரும் திறந்து பார்க்காத பழைய கோப்புகளை மூட்டை மூட்டையாகக் கட்டி, கிளவுடில் இருப்பதிலேயே மலிவான இடத்துக்கு அனுப்பிவைப்பேன். அங்கே போட்டுவைக்க டீக்காசுதான் ஆகும். ஒரே வில்லங்கம், நினைத்தவுடன் திரும்ப எடுக்க முடியாது. விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். செத்த கோப்புகளை அடக்கம் செய்கிறவன் என்று என்னைப் பற்றி நானே சொல்லிக்கொண்டு, நானே சிரித்துக்கொள்வேன். வேலைக்குப் போய்வரும் ரயிலில் பக்கத்தில் இருப்பவர்கள் சற்றுத் தள்ளி உட்கார்வார்கள்.

தங்கச் சுரங்க ஊரான ஆண்டர்சன்பேட்டையில் எங்கள் வீட்டு ஹார்ட் டிஸ்க் ஒருநாள் கரகரவென்று முனக ஆரம்பித்தது. உடனே எனக்குள் இருந்த நிபுணன் எழுந்துகொண்டான். கல்யாண வீடியோ, சர்ச் கிறிஸ்துமஸ் கீதபவனி வீடியோ, மனைவியின் பழைய போன் செத்தபோது எடுத்துவைத்த பேக்கப் என்று எல்லாவற்றையும் அள்ளி அந்த மலிவான இடத்துக்கு அனுப்பினேன். புது டிஸ்க் வாங்கி அதில் கிரிக்கெட் மேட்சுகளை நிரப்பினேன்.

"எல்லாத்தயும் எங்க போட்டீங்க?" என்று மனைவி கேட்டாள்.

"பத்திரமா கீழ இறக்கிட்டேன்" என்றேன்.

எங்கள் தங்க வயலில் வீட்டுக்குள் சொல்லக்கூடாத வார்த்தை அது. கிளவுட் என்றால் மேகம்தானே, மேலே ஏற்றிவிட்டேன் என்று சொல்லித் தொலைத்திருக்கலாம். எங்கள் ஊரில் 'கீழ' என்றால் ஒரே அர்த்தம். எங்கள் அப்பாக்கள் கேஜ் என்ற இரும்புக் கூண்டில் ஏறி ஷிப்டுக்குப் போன சுரங்கம். போனவர்கள் எல்லோரும் மேலே வந்துவிடவில்லை. சுரங்கத்தை மூடிய பிறகு அந்த ஆழம் முழுக்கத் தண்ணீர் நிறைந்துவிட்டது. அதன் மேல்தான் நாங்கள் இட்லிக்கு மாவு அரைத்துக்கொண்டிருக்கிறோம்.

"எந்த லெவல்ல?" என்றாள் அவள், சுரங்கத்தின் ஆழத்தைக் கேட்பதுபோல், சிரிக்காமல்.

"கடைசி லெவல்" என்றேன், சிரித்துக்கொண்டே.

அந்தப் பேக்கப்பில் என் மாமியார் இருந்தார். பங்காருபேட்டையில் தனியாக இருந்தவர். டைப் அடிக்க வராது என்பதால் மகளுக்குத் தினமும் குரல் செய்தியாகவே அனுப்புவார். அவர் இறந்தபின் என் மனைவி அவரைப் போலவே குரல் மாற்றி என்னைத் திட்டுவாள். "இன்னா மாப்ள, துணி காயப் போட்டா கை தேஞ்சிடுமா?" அச்சு அசல் அத்தை. நானும் பயந்ததுபோல் நடிப்பேன். அது எங்கள் வீட்டு விளையாட்டு.

ஒருநாள் காலை அப்படித் திட்ட ஆரம்பித்தவள் பாதியில் நின்றுவிட்டாள். மறுபடி முயன்றாள். யாரோ ஒரு பெண்ணின் குரல்தான் வந்தது, அத்தையின் குரல் வரவில்லை.

"மறந்துட்டேன்" என்றாள். "எங்கம்மா கொரல் எனக்கு மறந்துபோச்சுங்க. அத மேல கொண்டாங்க."

அன்றே விண்ணப்பம் போட்டேன். மலிவுக்குத் தகுந்த வேகம், இரண்டு நாள்கூட ஆகலாம். மேலே வருவதும் ஒரு தற்காலிகப் பிரதிதான். ஒரு வாரம் இருந்துவிட்டுத் தானாக மறைந்துவிடும். அதற்குள் இறக்கிச் சேமித்துக்கொள்ள வேண்டும். காத்திருந்தபோது ரயிலிலும் அலுவலகத்திலும் நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். 'நடைபெறுகிறது' என்று மட்டும் இருந்தது. விபத்து நாளில் ஷாஃப்ட் என்னும் சுரங்கக் குழியின் வாசலில் கேஜுக்காகக் காத்து நின்றவர்களுக்கு அந்த ஒரு வார்த்தைகூடக் கிடைத்திருக்காது என்று தோன்றியது. அதற்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்தபோது அந்தப் பேக்கப் மேலே வந்திருந்தது. நல்ல உச்சி வெயில். வெளியே காற்று சுழன்று சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மேட்டின் வெள்ளைத் தூளை ஜன்னலில் அப்பிக்கொண்டிருந்தது. லேப்டாப்பை நடுவில் வைத்து, மனைவியைப் பக்கத்தில் உட்காரவைத்து, முதலில் கண்ணில் பட்டதைத் தட்டினேன்.

"எவ்ளோ நேரமா கூப்புட்டுக்கினு கீறேன். ஒருத்தரும் எடுக்க மாட்றீங்க."

"பாத்தியா, வந்ததும் வராததுமா புகாரு" என்றேன். மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர். அடுத்ததைத் தட்டினேன்.

"ஒரே இருட்டா கீது கண்ணு. என் கையே எனக்குத் தெர்ல."

கரண்ட் போன நாளில் அனுப்பியது. எனக்குத் தெரியும். இருந்தாலும் அவசரமாக இன்னொன்றைத் தட்டினேன்.

"தண்ணி ஏறிக்கினே வருது. யாரனா வந்து நிறுத்தச் சொல்லு."

மோட்டாரை அணைக்க மறந்து தொட்டி நிரம்பி வழிந்த அன்று பேசியதாகத்தான் இருக்கும். வேறென்ன இருக்க முடியும்? அப்படிச் சொல்லி முடிக்கவேண்டும் என்று வாயைத் திறந்தேன். அலமாரியில் எவர்சில்வர் தட்டுகள் கலகலவென்று ஒன்றோடொன்று உரசின. தரை லேசாக ஒருமுறை குலுங்கி அடங்கியது. எங்கள் ஊரில் இது புதிதல்ல. கீழே தேங்கிய தண்ணீர் பாறையைத் தள்ளுகிறது என்பார்கள், நாங்களும் டீ சிந்தாமல் டம்ளரைப் பிடித்துக்கொள்வோம். அன்றைக்கு நான் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டேன். இல்லை, உண்மையைச் சொன்னால் அவளுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டேன்.

"நிறுத்துங்க" என்றாள். "இத என் போன்ல போடாதீங்க."

அந்த வாரம் முழுக்க அவள் அதைப் பற்றிப் பேசவில்லை. குரல் மாற்றித் திட்டவும் இல்லை. நான் துணி காயப்போடாமல் விட்டுப் பார்த்தேன், அவளே எடுத்துப் போட்டாள். கேட்காமலே சேமித்து வைத்திருக்கலாம். பட்டன் மேல் விரலைக் கொண்டுபோவேன், அலமாரித் தட்டுகளைத் திரும்பிப் பார்ப்பேன், மூடிவைப்பேன். மறுபடி விண்ணப்பித்தால் மறுபடி வரும்தான். ஆனால் இன்னொரு முறை அவரைக் கூப்பிட எனக்குத் தைரியம் வராது.

கடைசி நாள் பிற்பகல். அவள் முற்றத்தில் உட்கார்ந்து அவரைக்கொட்டையைப் பிதுக்கிக்கொண்டிருந்தாள்.

"அம்மாது இன்னும் எதுனா பாக்கி கீதா?"

"சாயங்காலத்தோட போயிடும். கேக்காத ஒண்ணு கீது."

"போடுங்க."

தூரத்தில் வைத்து, கையை நீட்டித் தட்டினேன்.

"குளுரு தாங்கல கண்ணு. தனியா இங்க இருக்க முடில. நான் அங்கயே வந்துடட்டா? மாப்ளய கேட்டுச் சொல்லு."

பிதுங்கிய பருப்பு ஒன்று அவள் விரலிலிருந்து துள்ளித் தரையில் உருண்டது. அத்தை அப்படிக் கேட்டது எனக்குத் தெரியவே தெரியாது.

"நீ என்னாண்ட கேக்கவே இல்லியே" என்றேன்.

"கேட்டா எதுனா காமெடி பண்ணுவீங்க. அதுக்குப் பயந்துதான் கேக்கல. நான் பதிலே போடல அதுக்கு."

எப்போதும் இந்த இடத்தில் என் வாயில் ஏதாவது வந்து நிற்கும். வரவில்லை. லேப்டாப்பில் அந்தச் செய்தி முடிந்தும், பங்காருபேட்டை வீட்டின் சத்தம் சிறிது ஓடிக்கொண்டிருந்தது. ஒரு சுவர்க் கடிகாரம், எங்கோ ரயில், அத்தையின் மூச்சு. பதிலுக்குக் காத்திருப்பதுபோல் இருந்தது.

"இன்னும் கொஞ்ச நேரத்துல மறுபடி கீழ போயிடும்" என்றேன். "இன்னா பண்றது, சொல்லு."

அவள் தலையை நிமிர்த்தவில்லை.

"வரச் சொல்லுங்க."