தனேஸ்வரி சோதித்த இரண்டு பட்டைகள்

தனேஸ்வரி என்ற பெயர் லீலாவதியின் காதில் முதலில் திட்டாகத்தான் விழுந்தது. செரண்டாவில் அண்ணன் மகள் விமலாவின் கல்யாணம் முடிந்து, எல்லாரும் வீடியோ பார்க்க உட்கார்ந்திருந்தார்கள். தாலி கட்டும் நேரம் மட்டும் திரை பச்சையும் ஊதாவுமாகக் கட்டம் கட்டமாக உடைந்துபோனது.

"யாருடி இத வெட்டி ஒட்டுனவ?" என்று அண்ணி கத்தினாள்.

"கெர்லிங் தேவதாஸ் மண்டோர் பேத்தி லா, தனேஸ்வரி," என்றார் பக்கத்தில் இருந்த ஒருவர்.

கெர்லிங் தோட்டத்தில் கங்காணியாக இருந்த தேவதாஸ் மண்டோருக்கு மூன்று பெண்கள். நடுப்பெண் புஷ்பா. புஷ்பாவின் மூத்தவள்தான் இவள். தன் மகன் கணேஸ்வரனை இவளே கட்டிக்கொண்டு புக்கிட் பெலிம்பிங் வீட்டுக்கு வருவாள் என்று லீலாவதி அன்று கனவிலும் நினைக்கவில்லை.

வந்த பிறகுதான் மருமகள் சொன்னாள்: "அப்ப நான் வீடியோ ஒட்டுன கம்ப்யூட்டர்ல ரேம் கெட்டுப் போயிருந்துச்சு அத்தை. ஞாபகம் வச்சிக்கிற பட்டை அது. கெட்டுப்போனா தப்பா எழுதிட்டுக் கமுக்கமா இருந்துரும்."

பிள்ளை பிறந்ததும் தனேஸ்வரி தொழிற்சாலை வேலையை விட்டாள். ரவாங்கில் ஒரு ஸ்டுடியோ, வீட்டிலிருந்தே கல்யாண வீடியோக்களைத் தொகுத்துத் தரச் சொல்லியிருந்தது. திங்கட்கிழமை தொடங்க வேண்டும். புதுக் கம்ப்யூட்டருக்கான சாமான்கள் சனிக்கிழமைதான் வந்து சேர்ந்தன. ஆகஸ்டில், மெர்டேக்கா சுதந்திர தினத் தள்ளுபடியில் முன்பே வாங்கிய இரண்டு ரேம் பட்டைகள் மட்டும் அதுவரை அலமாரியில் சும்மாவே கிடந்தன. சோதிக்காமல் எதையும் பூட்டமாட்டேன் என்று, கணேஸ்வரனின் பழைய கம்ப்யூட்டரில் அவற்றை ஒவ்வொன்றாகச் செருகி ஓட்டிப் பார்த்தாள்.

முதலாவது தேறியது. இரண்டாவதைப் போட்டதும் திரையில் பிழை காட்டும் சிவப்பு வரிகள் சடசடவென்று இறங்கின.

"போச்சு," என்றாள்.

"கடையில மாத்திக் குடுப்பான்ல?" என்றான் கணேஸ்வரன்.

"மூணு வாரம் ஆகும். அதுக்குள்ள வேற ஆளப் போட்டுக்குவாங்க. ஏற்கெனவே என் பேரு ஊரெல்லாம் மணக்குது."

"அப்ப ஒண்ண மட்டும் போட்டு ஓட்டு லா."

"நாலு கேமரா கல்யாணம் இது. ஒண்ணுல ஓட்டுனா, பொண்ணு மாப்பிள்ள மாலை மாத்துறதுக்குள்ள அவங்களுக்குப் பிள்ள பொறந்துரும்."

பட்டையைக் கழற்றித் துணிமேல் கவிழ்த்து வைத்தாள். பேரனை இடுப்பில் வைத்துக்கொண்டு லீலாவதி எட்டிப் பார்த்தாள். பட்டையின் விளிம்பில் வரிசையாகப் பொன்னிறப் பற்கள். அவற்றின்மேல் காய்ந்த சந்தனம், நடுவில் துளி குங்குமம். அந்த விரல் யாருடையது என்று அவளுக்குத் தெரியாதா?

அவள் கணவர் உடையப்பன் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். சொன்னால் மருமகள் முன்னால் மனிதருக்குத் தலையிறக்கம். ரோசக்காரர், இரண்டு நாள் சோறு தொடமாட்டார். சொல்லாவிட்டால்? தனேஸ்வரி ஸ்டுடியோவுக்குப் போன் போட ஆரம்பித்திருந்தாள்.

"போன வையும்மா," என்றாள் லீலாவதி. "இது உங்க மாமா வேல. ஆயுத பூசைக்குப் பொட்டு வச்சிருக்காரு."

"அப்பா! ரேமுக்குமா?" கணேஸ்வரன் விழுந்து விழுந்து சிரித்தான்.

உடையப்பன் வாசற்படியில் வந்து நின்றார். "வச்சேன். சோடிக்கு ஒண்ணு போதும்னுதான் வச்சேன். மூஞ்சி எதுன்னு தெரியல. மினுமினுன்னு இருந்த எடத்துல வச்சேன்." முகம் சுண்டிப்போயிருந்தது.

தனேஸ்வரி சிரிக்கவில்லை. "இந்தப் பல்லு உள்ள தொடணும், சந்தனம் மறைச்சிருச்சு. பென்சில் அழிக்கிற ரப்பர் இருக்கா மாமா?"

அவரே தேடிக் கொண்டுவந்தார். பற்களை ஒவ்வொன்றாக மெல்லத் தேய்த்து, செருகும் பள்ளத்தையும் பிரஷ்ஷால் தட்டிவிட்டு, மறுபடி பூட்டி ஓட்டினாள். முன்பு சிவப்பு விழுந்த இடம் வந்தது. லீலாவதி திரையைப் பார்க்க மாட்டாமல் பேரனின் தலையைப் பார்த்தாள்.

"மாமா, மூச்சாவது விடுங்க," என்று மருமகளின் குரல் கேட்டது. திரையில் சிவப்பு இல்லை.

அத்தோடு அவள் விடவில்லை. சோதனைச் சுற்று முடிய முடிய மறுபடி ஓட்டினாள்.

"இன்னுமாம்மா?" என்றாள் லீலாவதி.

"தாலி கட்டுறது ஒரு தடவதான் அத்தை."

ஞாயிற்றுக்கிழமைதான் கம்ப்யூட்டரைப் பூட்டி முடித்தாள். திங்கட்கிழமை ஸ்டுடியோவிலிருந்து முதல் கல்யாணம் வந்தது.

தனேஸ்வரி இப்போது புக்கிட் பெலிம்பிங் வீட்டின் முன்னறையில் அந்த வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறாள்.