அமாவாசையில் கிளம்பிய படகு

எங்களுக்கு அமாவாசை நல்ல நாள். என் கணவருக்குக் கும்பகோணம் பக்கம். புது வண்டி எடுத்தாலும் வீடு மாறினாலும் நிறைந்த அமாவாசையாகப் பார்த்துச் செய்கிற குடும்பம். நவத்வீபிலிருந்து கல்கத்தா வரை ஆற்றோடு கேனோ என்ற துடுப்புப் படகில் வருவது என்று முடிவானதும், மனிதர் சமையலறையில் தொங்கிய தினசரிக் காலண்டரைத்தான் முதலில் எடுத்தார். மாசி அமாவாசை அன்று கிளம்புவது, நான்காம் நாள் கல்கத்தா சேர்வது. இரண்டு பேரும் லீவு எழுதிக் கொடுத்தோம்.

கீழ் வீட்டு பௌதியிடம் சொன்னபோது கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். பௌதி என்றால் அண்ணி. கல்கத்தா பெஹாலாவில் எங்கள் தெருவுக்கே அவர் அண்ணிதான். அமாவாசையில் யாராவது தண்ணீரில் இறங்குவார்களா என்று கேட்டார். வங்காளிகளுக்கு அமாவாசை ஆகாது. அவரவர் ஊர் வழக்கம் என்று சிரித்துவிட்டு வந்தேன். கும்பகோணத்துக்காரருக்குத் தெரியாமல் போனதை மன்னிக்கலாம். பெஹாலாவிலேயே பிறந்து வளர்ந்த எனக்குப் புத்தி எங்கே போயிற்று என்று இன்றைக்கும் என்னையே திட்டிக்கொள்கிறேன்.

தொண்ணூறுகளின் கடைசி அது. கல்யாணமான புதிதில் டாகுரியா ஏரியில் இருவரும் ஞாயிறுதோறும் துடுப்புப் போடுவோம். அவர் பின்னால் உட்கார்ந்து படகைத் திருப்புவார், நான் முன்னால். பிறகு ஒரு சித்திரை மாலையில் திடீரென்று வந்த புயற்காற்றில் படகு கவிழ்ந்தது. நான் படகுக்கு அடியில் மாட்டிக்கொண்டேன். அரை நிமிடம்கூட இருந்திருக்காது. ஆனால் அதற்கப்புறம் இரண்டு வருடம் ஏரிப்பக்கமே நான் போகவில்லை. அவர் தனியாகப் போய்வந்து, ஈரத் துண்டைக் கொடியில் போடும்போது என் முகத்தைப் பார்க்காமல் போடுவார். அதைப் பார்க்கத்தான் எனக்குத் தாங்கவில்லை.

ஆகவே இந்தப் பயணத்துக்கு நானே ஒத்துக்கொண்டேன். ஒரு நிபந்தனை வைத்தேன்: கரையை விட்டு இருபது அடி தாண்டக் கூடாது. ஒரு வாக்கும் கொடுத்தேன்: இந்தத் தடவையும் பாதியில் இறங்கி ஓடினால் படகை விற்றுவிடலாம், இனி அந்தப் பேச்சே வேண்டாம்.

மூன்று நாள் அவர் அந்த இருபது அடியைக் கோடு கிழித்த மாதிரி காப்பாற்றினார். வளைவுகளில் நேராகக் குறுக்கே போனால் பாதி தூரம்தான். எனக்காகக் கரையைத் தடவிக்கொண்டே சுற்றி வந்தார். படித்துறையில் துணி துவைக்கிறவர்கள் எங்களைப் பார்த்து, எங்கே போகிறீர்கள் என்று சத்தம் போட்டுக் கேட்பார்கள். கல்கத்தாவுக்கு என்றால், ரயில் ஓடவில்லையா என்பார்கள். காலையில் இட்லி மிளகாய்ப்பொடி, அது தீர்ந்த பிறகு பொரியும் வெங்காயமும். உள்ளங்கை இரண்டிலும் கொப்புளம். துடுப்பை இறுக்கிப் பிடித்தே வந்ததால் வந்த கொப்புளம் என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும்.

நான்காம் நாள் சந்தன்நகரில் கிளம்பி ஸ்ரீராம்பூர் தாண்டினோம். ஆறு என்றைக்குமில்லாமல் வற்றிக் கிடந்தது. படித்துறைகளின் கடைசிப் படிக்கும் கீழே சேறு தெரிந்தது. உச்சிப்பொழுதுக்குக் கொஞ்சம் முன்னால், கரையில் கட்டியிருந்த படகுகளையெல்லாம் ஆட்கள் அவசரமாக அவிழ்த்து நடு ஆற்றுக்கு ஓட்டிக்கொண்டு போனார்கள்.

"ஏதோ பூஜை போலருக்கு. சாமியக் கரைக்கப் போறாங்களா?" என்றார் பின்னாலிருந்து.

"மாசியில என்ன பூஜைங்க?" என்றேன்.

அப்போது எங்களுக்கு வலப்பக்கம் வந்த படகோட்டி ஒருவர் நின்றுகொண்டே கத்தினார். "தீதி, பான் ஆஷ்சே! மாஜ்கானே ஜான்! மாஜ்கானே!"

அக்கா, பான் வருகிறது, நடுவுக்குப் போங்கள் என்கிறார். பான் என்பது கடலிலிருந்து ஆற்றுக்குள் சுவர் மாதிரி ஏறி வரும் ஓத அலை. மழைக்காலத்துச் சமாச்சாரம் என்று நினைத்திருந்தேன். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித்தான் கடல் பொங்கும், அதனால் அந்த நாட்களில் மாசியிலும் வரும் என்பதெல்லாம் அந்த நொடியில்தான் மண்டையில் உறைத்தது. நல்ல நாள் பார்த்துப் புறப்பட்டு, நேராக அதன் வாயில் வந்து நிற்கிறோம்.

என் கணவருக்கு வங்காள மொழி அரைகுறை. ஏதோ ஆபத்து என்பது மட்டும் புரிந்து, யாரும் செய்வதைச் செய்தார்: படகைக் கரைப்பக்கம் திருப்பினார். பத்துத் துடுப்புப் போட்டால் படித்துறை. என் உடம்பு முழுக்க அந்தப் படிக்குத்தான் இழுத்தது. ஆனால் பான் கரையில்தான் உடையும், கட்டிய படகைத் தூக்கிப் படியில் அடிக்கும் என்று சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறேன்.

"கரை வேண்டாம்! நடுவுல போங்க!"

"என்ன சொல்றே நீ?"

"நடுவுல போங்கன்னா!"

"நீயா சொல்றே?"

"நான்தான் சொல்றேன்! திருப்புங்க!"

படகு திரும்பியது. கொப்புளம் உடைந்து கை எரிய எரிய இழுத்தேன். கரை விலக விலக எனக்கு அழுகை வந்தது, அழுதுகொண்டே இழுத்தேன். படகோட்டி தன் துடுப்பை நீட்டித் தெற்கே காட்டினார்: படகின் முகத்தை அலைக்கு நேரே வை, பக்கவாட்டைக் காட்டாதே.

முதலில் சத்தம். அரிசி மூட்டைகளை வரிசையாகத் தரையில் இழுப்பது போல. பிறகு இரண்டு கரையோரமும் வெள்ளையாக நுரைத்துக்கொண்டு வந்தது. எங்களிடம் வரும்போது நுரை இல்லை, பழுப்பு நிறத்தில் ஒரு மேடு. முன்னால் இருந்த நான்தான் முதலில் ஏறினேன். படகு வானத்தைப் பார்த்தது, பிறகு தொப்பென்று விழுந்தது, மடியெல்லாம் தண்ணீர். இன்னொன்று. அப்புறம் சின்னதாக நாலைந்து. அவ்வளவுதான். நாங்கள் ஒதுங்க நினைத்த படித்துறையில் அவிழ்க்காமல் விட்ட டிங்கிப் படகு ஒன்று இரண்டாகப் பிளந்து கிடந்தது.

அதற்கப்புறம் ஆறு தலைகீழாக வடக்கே ஓடியது. ஓதம் இறங்கி வற்றம் தொடங்கும்வரை கல்கத்தா பக்கம் போக முடியாது. படகோட்டியைத் தொடர்ந்து கொன்னகர் அருகே கரையேறினோம். கால் நடுக்கத்தில் என்னால் நிற்க முடியவில்லை. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தேன். கடைக்குப் பின்னால் பெரிய சாலை. ஹவுரா, ஹவுரா என்று மினிபஸ் கண்டக்டர்கள் கூவிக்கொண்டே போனார்கள். என் கணவர் டீயைக் குடிக்காமல் கடைக்காரரிடம் கையாலும் தன் அரைகுறை வங்காள மொழியாலும் ஏதோ பேசிக்கொண்டிருந்தார்.

திரும்பி வந்து, "சின்ன லாரி ஒண்ணு கிடைக்குமாம். படக ஏத்திரலாம்" என்றார். "நீ வேணும்னா பஸ்ல போயிரு. போதும், இவ்வளவு தூரம் வந்ததே பெருசு."

எனக்கு வந்த கோபம்! "யாரக் கேட்டு லாரி பேசினீங்க?"

"இல்ல, உனக்கு..."

"எனக்கு என்ன? எனக்குக் கால்தான் நடுங்குது. கையா நடுங்குது?"

உண்மையில் கையும் நடுங்கியது. டீ தம்ளர் அதைக் காட்டிக் கொடுத்தது. அவர் பார்த்தார், சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டார். பயம் போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன். பயம் பக்கத்திலேயே பெஞ்சில் உட்கார்ந்திருந்தது. ஏரியில் கவிழ்ந்த அன்றைக்கும் இப்படித்தான் கரையில் உட்கார்ந்தேன். உட்கார்ந்தவள் இரண்டு வருடம் எழுந்திருக்கவில்லை. இன்றைக்கு எழுந்தால் ஆயிற்று.

மூன்று மணி வாக்கில் தண்ணீர் ஒரு நிமிடம் தயங்கி, தெற்கே திரும்பியது. படகோட்டி தலையசைத்தார். நான் லைஃப் ஜாக்கெட்டின் பட்டையை இழுத்துக் கட்டி, சேற்றில் இறங்கி, முன்னால் ஏறி உட்கார்ந்தேன். பின்னால் அவர் ஏறியதில் படகு ஆடியது. விளிம்பைப் பிடித்துக்கொண்டேன், பிறகு விட்டுவிட்டேன்.

வற்றத்தோடு போனதில் துடுப்புக்குப் பாதி வேலைதான். தட்சிணேஸ்வரக் கோபுரங்கள் போயின, சணல் ஆலைகள் போயின, வெயில் தாழ்ந்தது. ஹவுரா பாலத்துக்கு அடியில் நுழைந்தபோது மேலே பஸ்களின் இரைச்சல், பக்கத்தில் ஆபீஸ் முடிந்து போகிறவர்களை அடைத்துக்கொண்டு ஒரு ஃபெர்ரி. அதன் அலை எங்களைத் தூக்கிப் போட்டது. அதிலிருந்த ஒருவர் கையசைத்தார். எனக்குக் கண்ணீர் கொட்ட ஆரம்பித்தது. நாங்கள் இறங்க வேண்டிய படித்துறை கண்ணுக்குத் தெரிந்துவிட்டது.

என் தோள் குலுங்குவதைப் பின்னாலிருந்து பார்த்திருக்கிறார். "என்னாச்சு, பயமா இருக்கா? இதோ வந்தாச்சு, இன்னும் அஞ்சு நிமிஷம்."

"அதுக்குத்தான் அழறேன்" என்றேன். "கொஞ்சம் மெதுவாப் போடுங்களேன்."