கிளியனூர் பக்கத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை ஆட்டோ

எங்கள் கெடார் பக்கத்தில் வயதானவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமென்றால் பிள்ளைகள் லீவு போட வேண்டும். பிள்ளை இல்லாதவர்கள் வலியோடு கிடக்க வேண்டியதுதான். என் அம்மாவுக்கு நான் இருக்கிறேன். எதிர்வீட்டு அத்தைக்கு யாரும் இல்லை. கிளியனூர் பக்கம் ஓர் ஊராட்சி செவ்வாய்தோறும் முதியோருக்கு ஆட்டோ விடுகிறது என்று கேள்விப்பட்டதும் எங்கள் ஊராட்சித் தலைவரிடம் போய் நின்றேன். "யார் பணம், யார் ஏற்பாடு, எல்லாம் பாத்துக்கினு வாம்மா. அங்க நிலைச்சு நடக்குதுன்னா இங்கயும் தீர்மானம் வெச்சிடலாம்" என்றார். போன மாதம் கிளம்பிவிட்டேன். உங்கள் ஊருக்கும் இப்படி ஒன்று வேண்டும் என்று நினைப்பவர்களுக்குத்தான் இந்தப் பதிவு. குடைவரைக் கோயில் பார்க்கிறவர்கள் தாராளமாக மண்டகப்பட்டுக்குப் போங்கள், நான் குறுக்கே நிற்கவில்லை.

காலை ஆறரைக்கு டவுன் பஸ். பெண்களுக்கு டிக்கெட் கிடையாது, ஆனால் உட்கார இடமும் கிடையாது. விழுப்புரத்தில் இரண்டு இட்லி, ஒரு டீ. திண்டிவனம் போக ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. அங்கிருந்து புதுச்சேரி சாலையில் போகும் பஸ்ஸில் ஏறுங்கள், ஆனால் நடத்துநரிடம் ஊர் பேரைச் சொல்லிவிட்டு ஏறுங்கள். நான் சொல்லாமல் ஏறி, நடுவழியில் அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

மெயின் ரோட்டிலிருந்து ஊர் இரண்டு கிலோமீட்டர் உள்ளே. வேறு வண்டி வராது. முன்னமே போன் செய்திருந்ததால் அந்த ஆட்டோவை ஓட்டும் ஆரோக்கியமே வந்து என்னை ஏற்றிக்கொண்டார். போகும் வழியிலேயே கணக்கு வழக்கைச் சொல்லிவிட்டார். "டீசலு, என் கூலி ரெண்டும் பஞ்சாயத்துதாங்க. வூட்டு வரி, தண்ணி வரி வர்றதுல ஒதுக்கறாங்க. பத்தாததுக்கு, மல்லாட்ட எடுத்து முடிச்சதும் நெலம் வெச்சிருக்கறவங்க ஆளுக்கு ஒரு மூட்டை குடுத்துடுவாங்க. திண்டிவனம் ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போய் இட்டுக்கினு வர்றேன்." மல்லாட்டை என்றால் எங்கள் பக்கத்தில் நிலக்கடலை.

"நல்லா நடக்குதுன்னு சொல்லுங்க."

"எங்கங்க! இன்னிக்கோட நின்னாலும் நிக்கும். பொது நிதியில ஆட்டோ எதுக்குன்னு ஆடிட்ல கேட்டுட்டாங்க. யூனியன் ஆபீஸ்லேருந்து மேடம் வந்துகீறாங்க. பெரியவங்கள நேர்ல கேட்டு, தேவைன்னு எழுதினாதான் ஓடும். இல்லன்னா அவ்ளோதான். ஒரே பேஜாரா கீது."

இங்கே நின்றால் கெடாரில் தொடங்குகிற பேச்சே இல்லை.

ஊராட்சி அலுவலக வாசலில் பத்துப் பன்னிரண்டு பெரியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். பார்த்ததும் எனக்குப் பகீரென்றது. அத்தனை பேரும் திருவிழாவுக்கு வந்தவர்கள் மாதிரி! சலவை வேட்டி, பெட்டியில் வைத்திருந்த சேலை. ரோஸ்மேரி அம்மா என்பவர் ஊன்றி வந்த கோலைக் கதவுக்குப் பின்னால் ஒளித்து வைத்துவிட்டு வந்து நிமிர்ந்து உட்கார்ந்தார். முழங்கால் வீங்கியிருந்ததைச் சேலையை இழுத்து மூடிக்கொண்டார்.

யூனியன் ஆபீஸிலிருந்து வந்த அலுவலர் நல்ல மாதிரிதான். பொறுமையாகக் கேட்டார். "ஆஸ்பத்திரிக்குப் போய் வர கஷ்டமா இருக்காம்மா?"

"ஒரு கஷ்டமும் இல்லீங்க. ஆண்டவர் புண்ணியத்துல நல்லா கீறோம்" என்றார் ரோஸ்மேரி அம்மா. "நீங்க வெயில்ல வந்துகீறீங்க, மொதல்ல மோர் குடிங்க."

அடுத்தவரும் அதையே சொன்னார். அதற்கடுத்தவர், காலையில் கூட வயலுக்குப் போய் வந்தேன் என்று ஒரே போடாகப் போட்டார். ஊராட்சித் தலைவர் தலையில் கை வைத்துக்கொண்டார். அலுவலர் எழுதிக்கொண்டே போனார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் காரணம் புரியாமல் இல்லை. வாசல் ஏறி வந்தவரிடம், அவர் ஒரு வாய் மோர் குடிக்கும் முன்னே நம் குறையைக் கொட்டுவதா? எங்கள் பக்கத்தில் அது மரியாதை இல்லை. இருந்தாலும் வாயை அடக்க முடியாமல், "மேடம், சும்மா சொல்றாங்க" என்று ஆரம்பித்தேன். ரோஸ்மேரி அம்மா என் பக்கம் திரும்பினார். "வந்த எடத்துல சும்மா இரும்மா." அடங்கிவிட்டேன்.

அலுவலர் கிளம்பினார். அவருடைய ஜீப் வேறு வேலையாகப் போய்விட்டு மெயின் ரோட்டில் நிற்கிறதாம். ஆட்டோவில் ஏறச் சொன்னோம். எந்த வண்டியை விசாரிக்க வந்தேனோ அதிலேயே நான் ஏறக்கூடாது என்று நடக்கத் தொடங்கிவிட்டார். அவ்வளவுதான், பெரியவர்கள் அத்தனை பேரும் எழுந்துவிட்டார்கள்.

"நீங்க இருங்கம்மா, நான் போய்க்கிறேன்."

"அது எப்படிங்க? வந்தவங்கள ரோடு வரைக்கும் கொண்டாந்து உட வேணாமா?"

எல்லோரும் நடந்தோம். ஆரோக்கியம் காலி ஆட்டோவைப் பின்னால் உருட்டிக்கொண்டு வந்தார். ஏரிக்கரை திரும்புவதற்குள் ஒருவர் செருப்பு வார் சரியில்லை என்று உட்கார்ந்தார். வயலுக்குப் போய் வந்தவர் புளிய மரத்தைப் பிடித்துக்கொண்டு, "நீங்க போய்க்கினே இருங்க, தோ வந்துட்டேன்" என்றார். கோலைக் கதவுக்குப் பின்னாலேயே விட்டுவிட்ட ரோஸ்மேரி அம்மா அலுவலரின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். பாசம் என்றுதான் அலுவலர் முதலில் நினைத்திருப்பார். போகப் போக அவர் தோள் ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

சின்னப் பாலம் வந்ததும் ரோஸ்மேரி அம்மா நின்றார். மூச்சு வாங்கியது. "மேடம், உங்களுக்குக் கால் வலிக்கும். சித்த உக்காருங்க."

இருவரும் உட்கார்ந்தார்கள். அலுவலர் திரும்பிப் பார்த்தார். சலவை வேட்டியும் நல்ல சேலையுமாக வழி நெடுக ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். மெயின் ரோடு இன்னும் பாதி தூரத்துக்கு மேல் இருந்தது.

"ஆட்டோ இல்லன்னா மாத்திரை வாங்க எப்படிம்மா போவீங்க?"

ரோஸ்மேரி அம்மா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "போமாட்டோங்க."

அலுவலர் எழுதிய தாளை எடுத்துக் குறுக்கே கோடு போட்டார். ஆரோக்கியத்தைக் கூப்பிட்டு எல்லோரையும் ஏற்றி வீட்டில் விடச் சொன்னார். விருந்தாளியைப் பாதியில் விட்டுவிட்டோமே என்று அவர்களுக்கு மனமே இல்லை. நான் அலுவலரோடு மிச்ச தூரம் நடந்தேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது, அவர் பார்க்காத மாதிரி இருந்துவிட்டார். ஆட்டோ தொடரலாம் என்று அடுத்த வாரமே உத்தரவு வந்துவிட்டதாம்.

போகிறவர்கள் செவ்வாய்க்கிழமையே போங்கள், அன்றுதான் ஆட்டோவைப் பார்க்கலாம். மாலை ஐந்துக்குள் திண்டிவனம் திரும்பிவிடுங்கள். உங்கள் ஊரில் கேட்பதென்றால் கிராம சபையில் தீர்மானம் எழுதி வாங்குங்கள், இல்லாவிட்டால் ஆடிட்டில் மாட்டிக்கொள்ளும். விசாரிக்க யாராவது வந்தால் நாற்காலி போடாதீர்கள், பெரியவர்களோடு நடக்க விடுங்கள்.

இருட்டுவதற்குள் கெடார் வந்து சேர்ந்தேன். எதிர்வீட்டு அத்தை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றது. "எனக்கு எதுக்கும்மா ஆட்டோ? நான் நல்லாத்தானே கீறேன்?"

"சரி அத்த. அப்ப நாளைக்கு என்னைய பஸ் ஸ்டாப் வரைக்கும் கொண்டாந்து உடு."

அத்தை என்னைப் பார்த்தது. ரோட்டைப் பார்த்தது. மெதுவாகப் படியில் உட்கார்ந்தது.

"செவ்வாக்கெழம எத்தினி மணிக்கு வருமாம்?"