அருவிப் படத்தை மாற்றாத கை

சங்கரேஸ்வரி ஒரு தொண்டு நிறுவனத்துக்காக ஊர் ஊராகப் போய், அருவிக் குளியலில் வரும் ஆபத்துகளைத் திரையில் படம் போட்டுப் பேசுகிறவள். பேச்சு என்பது பெயருக்குத்தான். கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஸ்லைடில் பொடி எழுத்தில் அடைத்து வைத்திருப்பதை வரி விடாமல் வாசிப்பாள். "ஆட்களப் பாத்துப் பேசுங்க" என்று சொல்லிச் சொல்லி மேலதிகாரி கைலாசத்துக்கு அலுத்துவிட்டது. திரை எதிர்க்கேள்வி கேட்காது என்பது அவளுக்குப் பெரிய நிம்மதி.

அன்றைக்கு ஆலங்குளத்தில் மகளிர் குழுக் கூட்டம். குற்றாலத்தில் வெள்ளம் வருவதற்குச் சற்று முன் யாரோ எடுத்த படம் திரையில் இருந்தது. ஆட்கள் சிரித்தபடி குளித்துக்கொண்டிருந்தார்கள். "தண்ணீர் கலங்கினால் உடனே வெளியேற வேண்டும்" என்று வாசித்துவிட்டு, அடுத்த படத்துக்குப் பொத்தானில் விரல் வைத்தாள்.

"டீச்சர், அத மாத்தாதீங்க."

திரும்பினாள். நடுவரிசையில் ஒரு பெண் எழுந்து நின்றிருந்தாள்.

"ஓரத்துல துண்டோட நிக்கது எம் மவன். அடுத்த படத்துல அவன் இருக்க மாட்டாம்லா."

இப்போதெல்லாம் சங்கரேஸ்வரியின் ஸ்லைடுகளில் நாலே வார்த்தைதான், பெரிய எழுத்தில். கண் கூட்டத்தின் மேலேயே இருக்கும். அந்தப் படத்தை என்றைக்கோ எடுத்துவிட்டாள். ஆனாலும் அந்த இடம் வந்ததும் விரல் பொத்தானில் அப்படியே நின்றுவிடுகிறது. முதுகுக்குப் பின்னால், திரையின் வெற்று ஓரத்தில், துண்டோடு அவன் நிற்பது அவளுக்குத் தெரியும்.

"பரவாயில்லயே, இப்பல்லாம் திரையத் திரும்பிக்கூடப் பாக்கதில்லயே" என்று மெச்சுகிறார் கைலாசம்.